பந்து விளையாடிய பிக்கு: ரியோக்கன் வாழ்ந்த மகிழ்ச்சி

பௌத்தம் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும் சொல் துக்கம். நான்கு உன்னத உண்மைகளில் முதலாவது அதுதான். போயா நாளில் அட்டசீலம் எடுப்பவர்கள் ஆடலையும் பாடலையும் மாலையையும் வாசனைத் திரவியத்தையும் விலக்குவதை இலங்கையில் வளர்ந்த எவரும் பார்த்திருப்போம். அன்று மதுக்கடைகளும் மூடியிருக்கும். வெளியிலிருந்து பார்க்கும் ஒருவருக்கு, இன்பத்தைக் கதவுக்கு வெளியே நிறுத்திவைக்கும் சமயமாகவே இது தோன்றும். எனக்கும் நெடுநாள் அப்படித்தான் தோன்றியது. அடைய வேண்டிய இடத்தில் அமைதி இருக்கலாம், போகிற வழியில் சிரிப்புக்கு இடம் உண்டா என்பதே என் கேள்வி.

ஆனால் அந்தச் சமயத்தின் தொடக்கத்திலேயே ஒரு மகிழ்ச்சியின் கதை இருக்கிறது. சித்தார்த்தர் ஆண்டுக்கணக்காக உடலை வதைத்து, எலும்பும் தோலுமாகி, ஒன்றையும் அடையாமல் இருந்த வேளையில் சிறுவயது நினைவொன்று அவருக்கு வந்தது என்று பாளி நூல்கள் சொல்கின்றன. தந்தை தன் வேலையில் இருக்க, நாவல் மர நிழலில் தனியே அமர்ந்திருந்தபோது தானாக ஊறி வந்த ஆனந்தம் அது. ஆசையிலிருந்து பிறக்காத அந்த இன்பத்துக்குத் தான் அஞ்சத் தேவையில்லை என்று கண்ட பிறகே அவர் மீண்டும் உணவு உண்டார். அதன் பிறகே ஞானம் வந்தது. பின்னாளில் ஞானத்துக்கான ஏழு அங்கங்கள் வகுக்கப்பட்டபோது அவற்றில் ஒன்றாகப் பேருவகையும் வைக்கப்பட்டது. பாளியில் அதன் பெயர் பீதி. தமிழில் அச்சத்தைக் குறிக்கும் சொல் அங்கே மனம் பூரிப்பதைக் குறிக்கிறது. இன்பத்தைக் கண்டால் பீதி கொள்ளும் நமக்கு இந்த ஒற்றுமை கொஞ்சம் வேடிக்கையானதுதான்.

கொள்கை இப்படி இருக்க, அதை ஒரு மனிதர் எப்படி வாழ்ந்து காட்டினார் என்று கேட்டால், நான் முதலில் சொல்லும் பெயர் ரியோக்கன். ஜப்பானில் இன்றும் சிறுபிள்ளைகள் அறிந்த பெயர் அது. விகாரை எதற்கும் அவர் தலைவராக இருந்ததில்லை. பிரசங்கம் செய்ததில்லை. தன் கவிதைகளைத் தொகுத்து அச்சில் வெளியிட்டதும் இல்லை. பிச்சை எடுக்கப் போகும் வழியில் பிள்ளைகளைக் கண்டால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் பந்து விளையாடியவர் என்பதே அவரைப் பற்றிய பொதுச் சித்திரம். அந்தச் சித்திரம் பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டால் அவர் வெறும் கோமாளித் தாத்தாவாகிவிடுவார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்த வாழ்க்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ரியோக்கன் 1758இல் பிறந்தார். ஊர் இசுமொசாக்கி. அன்றைய எச்சிகோ மாகாணம், இன்றைய நீகாட்டா. ஜப்பான் கடலோரத்தில், குளிர்காலத்தில் பனி ஆள் உயரத்துக்கு மேல் குவியும் பிரதேசம். எதிரே சாடோ தீவு. அந்தத் தீவின் சுரங்கத்தில் எடுத்த தங்கம் இசுமொசாக்கியில்தான் கரையிறங்கும். அதனால் ஊர் சிறிதென்றாலும் அரசின் நேரடிக் கண்காணிப்பில் இருந்தது. ரியோக்கனின் தந்தை பரம்பரையாக ஊர்த் தலைவர், ஷிந்தோ கோயிலுக்கும் பொறுப்பானவர். ஹைக்கூ எழுதுவதில் பெயர் பெற்றவர். தாய் சாடோ தீவைச் சேர்ந்தவர்.

மூத்த மகன் என்பதால் தலைவர் பதவி ரியோக்கனுக்கே வர வேண்டும். அதற்கான பயிற்சியும் தொடங்கியது. ஊர்த் தலைவர் என்றால் வரி வசூலிக்க வேண்டும், மேலிடத்துக்கும் ஊராருக்கும் நடுவே நின்று இரு பக்கமும் திட்டு வாங்க வேண்டும், தண்டனை நிறைவேற்றும் இடத்திலும் நிற்க வேண்டும். புத்தகமும் கையுமாகத் திரிந்த, வாய் சாமர்த்தியம் இல்லாத அந்த இளைஞருக்கு அது ஒத்துவரவில்லை. அன்றைய ஜப்பானியக் கணக்கில் 18 வயதாக இருந்தபோது, அருகிலிருந்த சோதோ சென் பிரிவு விகாரையில் போய்ச் சேர்ந்துவிட்டார். பதவி தம்பியிடம் போனது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1779இல், கொகுசென் என்ற குரு அந்த விகாரைக்கு வந்தார். அவர் ஊர் தெற்கே வெகு தொலைவில், இன்றைய ஒக்காயாமா மாநிலத்தின் தமாஷிமா துறைமுகத்தில் இருந்த என்சூஜி விகாரை. ரியோக்கன் அவருடன் புறப்பட்டுப் போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் அளவில் அங்கேயே தங்கினார். அங்கிருந்த வாழ்க்கையில் விளையாட்டு எதுவும் இல்லை. விடிய முன் எழும்பித் தியானம், தோட்ட வேலை, விறகு, பிச்சை, படிப்பு. சோதோ பிரிவை நிறுவிய டோகெனின் நூல்களை அங்கேதான் ஆழமாகப் படித்தார். பிற்காலத்தில் ஓரிரவு டோகெனின் நூலொன்றை வாசித்து அழுது அழுது ஏடெல்லாம் நனைந்துபோனதையும், மறுநாள் பக்கத்து வீட்டு முதியவர் ஏன் ஈரம் என்று விசாரித்தபோது கூரை ஒழுகியது என்று சமாளித்ததையும் அவரே ஒரு கவிதையில் எழுதிவைத்தார்.

ரியோக்கனின் மகிழ்ச்சியை எளிதாக வந்த குணம் என்று எடுத்துக்கொள்பவர்களுக்கு நான் இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளையே காட்டுவேன். குழந்தை மனம் என்று எல்லோரும் புகழ்கிற அந்த மனம் நெடுங்காலக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு கனிந்தது. 1790இல் கொகுசென் அவருடைய பயிற்சி நிறைவுற்றதற்குச் சான்றாக ஒரு கைத்தடியும் ஒரு பாடலும் கொடுத்தார். அந்தப் பாடலில் சீடனை மூடனுக்கு ஒப்பிட்டிருந்தார் குரு. சென் மரபில் அது பாராட்டு. ரியோக்கன் அதைப் பெயராகவே ஏற்றுக்கொண்டு தன்னை டாய்கு, அதாவது பெருமூடன், என்று அழைத்துக்கொண்டார்.

சான்று பெற்றவருக்கு ஒரு விகாரையின் பொறுப்பு கிடைத்திருக்கும். அதில் வசதியும் இருந்தது. டொக்குகாவா ஆட்சியில் ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு விகாரையில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். தடைசெய்யப்பட்ட கிறிஸ்தவத்தைப் பின்பற்றுபவர்களைக் கண்டுபிடிப்பதற்காக வந்த அந்த ஏற்பாடு, விகாரைகளுக்கு நிரந்தர வருமானத்தையும் ஊரின் மேல் அதிகாரத்தையும் கொடுத்தது. பிக்குகள் பலர் அரசின் பதிவாளர்களாக மாறிப்போயிருந்தார்கள். ரியோக்கன் இதைப் பார்த்து மனம் கசந்தார். தலையை மழித்துவிட்டு, பயிற்சியும் இல்லாமல், ஊரார் போடும் சோற்றை உண்டு வாழும் துறவிகளைக் கண்டித்து நீண்ட சீனமொழிக் கவிதை ஒன்று எழுதியிருக்கிறார். சிரித்த முகத்துக்காரர் எழுதியவற்றில் மிகக் கடுமையானது அதுதான்.

1791இல் குரு இறந்தார். ரியோக்கன் ஊர் ஊராக அலையத் தொடங்கினார். 1795இல் தந்தை கியோட்டோவில் கட்சுரா ஆற்றில் குதித்து உயிரை மாய்த்துக்கொண்டார். தாய் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, மகன் தொலைவில் இருந்த காலத்தில், இறந்திருந்தார். அதன் பிறகே ரியோக்கன் எச்சிகோவுக்குத் திரும்பினார். இருபது ஆண்டுக்கு முன் பதவியை உதறிவிட்டுப் போன மூத்த மகன், கையில் ஒரு பாத்திரத்தோடு, பட்டமோ விகாரையோ இல்லாமல் சொந்த மண்ணுக்கு வந்து வீடு வீடாகப் பிச்சைக்கு நிற்கிறார். நம் ஊரிலும் அப்படி வந்து நிற்பவரை என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இறுதியில் குகாமி மலைச்சரிவில் ஒரு குடிசை கிடைத்தது. பெயர் கோகோ-ஆன். கோகோ என்பது ஐந்து கோ அளவு அரிசி; ஒரு கோ ஏறக்குறைய 180 மில்லிலீற்றர். முன்பு அங்கே வாழ்ந்த ஒரு பிக்குவுக்கு மேலே இருந்த விகாரை நாளொன்றுக்குக் கொடுத்த படி அது. வைக்கோல் வேய்ந்த ஒற்றை அறை. ரியோக்கன் அங்கே இடையிடையே தங்கி, 1804 முதல் 1816 வரை நிலையாக வாழ்ந்தார். பிறகு மலையேறும் வலு குறைந்ததும் அடிவாரத்து ஒட்டோகோ கோயில் பக்கத்துக் குடிசையில் இன்னொரு பத்து ஆண்டுகள்.

அவரைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் இந்தக் காலத்தவை. அங்கியின் கைப்பகுதிக்குள் எப்போதும் தெமாரி வைத்திருப்பார். நூல் சுற்றிச் செய்த பந்து அது. தரையில் தட்டித் தட்டிப் பாட்டோடு எண்ணுவது பெண்பிள்ளைகளின் விளையாட்டு. பத்துவரை எண்ணி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி, வசந்த காலத்தின் ஒரு முழுப் பகலையும் இப்படிக் கழித்ததாக அவரே கவிதைகளில் சொல்கிறார். ஒருமுறை பூப்பறித்துக்கொண்டிருந்ததில் பிச்சைப் பாத்திரத்தையே வழியில் மறந்துவிட்டு வந்ததையும் பாடலாக்கினார். ஒளித்துப் பிடித்து விளையாடும்போது பிள்ளைகள் இருட்டிவிட்டது என்று வீட்டுக்குப் போய்விட, இவர் மறுநாள் காலைவரை ஒளிந்திருந்தார் என்பது ஊர் சொல்லும் கதை. காற்றாடி விட ஆசைப்பட்ட ஒரு சிறுவனுக்காக, வானில் பெருங்காற்று எழட்டும் என்ற பொருளில் அவர் எழுதிக்கொடுத்த நான்கு எழுத்துகள் இன்று ஜப்பானியக் கையெழுத்துக் கலையின் புகழ்பெற்ற படைப்புகளில் ஒன்று. பிரபுக்கள் கேட்டால் தட்டிக்கழித்தவர், பட்டத்துக்காகத் தூரிகை எடுத்தார்.

மதுவையும் அவர் விலக்கவில்லை. இது நமக்குத் தெரிந்த தேரவாத ஒழுக்கத்துக்கு முற்றிலும் மாறானது. ஐந்தாவது சீலம் ஜப்பானிலும் ஏட்டில் இருந்தது; குளிர்ப் பிரதேசத்தில் சாக்கே அருந்தும் பிக்குகளும் இருந்தார்கள். ரியோக்கன் குடியானவர்களோடு காசைச் சேர்த்துப்போட்டு வாங்கி, உனக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று சமமாகக் குடிப்பாராம். நிதானம் தவறுமளவுக்குக் குடித்ததில்லை என்று அவரை நேரில் அறிந்தவர் எழுதிவைத்திருக்கிறார். புகையிலையும் பிடிக்கும். போன் திருவிழா இரவுகளில் தலையில் துணி கட்டிக்கொண்டு ஊர்ப் பெண்களோடு சேர்ந்து விடியும்வரை ஆடுவார். இதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. சீலத்தை எழுத்துப்படி காக்கும் ஒருவர் இதைத் தவறு என்று சொன்னால் அவர் பக்கமும் நியாயம் உண்டு. எனக்கு முக்கியமாகப்படுவது வேறொன்று: இந்த இன்பங்களில் எதையும் அவர் சேமிக்கவில்லை, எதற்காகவும் யாரையும் சுரண்டவில்லை. கிடைத்த அன்று பகிர்ந்தார். கிடைக்காத அன்று இல்லாமல் இருந்தார்.

கிடைக்காத நாட்கள் நிறைய. எச்சிகோவில் பனி விழத் தொடங்கினால் பாதை மூடிவிடும். பிச்சைக்கு இறங்க முடியாது. விறகும் அரிசியும் குறைந்த குடிசையில், பேச்சுத் துணை இல்லாமல், மழைச் சத்தத்தையும் பனியின் மௌனத்தையும் கேட்டுக்கொண்டு கிடந்ததை அவர் ஒளிக்காமல் எழுதினார். தனிமை தாங்க முடியவில்லை என்றும், யாராவது வரமாட்டார்களா என்றும் ஏங்கும் கவிதைகள் அவை. எழுபது வயதுக்குள் அவர் எழுதியதில் 1,000க்கு மேற்பட்ட ஜப்பானியப் பாடல்களும் 400க்கு மேற்பட்ட சீனமொழிக் கவிதைகளும் மிஞ்சியுள்ளன. அவற்றில் பந்துக்கு இருக்கும் இடம் கண்ணீருக்கும் இருக்கிறது. ஞானம் பெற்றவர் ஏன் அழுகிறார் என்று கேட்பவர்களுக்கு அவர் விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை.

அவருடைய கடிதங்களும் பல எஞ்சியிருக்கின்றன. அவற்றில் நிறைய, நன்றிக் கடிதங்கள். மது கிடைத்தது, புகையிலை கிடைத்தது, காய்கறி கிடைத்தது என்று இரண்டு மூன்று வரி. பிச்சை எடுத்து வாழும் ஒருவருக்கு ஒவ்வொரு பிடி உணவும் யாரோ ஒருவரின் முகத்தோடுதான் வருகிறது. கடையில் வாங்கும் நமக்கு அந்த முகம் தெரிவதில்லை. ரியோக்கனின் மகிழ்ச்சிக்கு வேர் எங்கே என்று என்னைக் கேட்டால், இந்தக் கடிதங்களில் என்றுதான் சொல்வேன். எனக்கு உரியது என்று எதையும் கருதாதவருக்கு வருவதெல்லாம் பரிசு. கத்தரிக்காயும் பரிசு, நிலவும் பரிசு. குடிசைக்குள் திருடன் புகுந்தபோது, எடுத்துப்போக எதுவும் இல்லாமல் அவன் தடுமாறுவதைப் பார்த்து, தூக்கத்தில் புரள்வது போலப் புரண்டு, தான் படுத்திருந்த மெத்தையை அவன் இழுத்துக்கொள்ள வழிவிட்டார் என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் இன்னொரு கதை.

கேரா யோஷிஷிகே என்பவர் சிறுவனாக இருந்தபோது ரியோக்கன் அவர்கள் வீட்டுக்கு வந்துபோவது வழக்கம். வளர்ந்த பிறகு அந்த நினைவுகளைச் சிறு குறிப்புகளாக எழுதிவைத்தார். ரியோக்கன் வீட்டில் இரண்டு இரவு தங்கினால் பெரியவர் சிறியவர் எல்லோரும் ஒற்றுமையாகிவிடுவார்கள், அவர் போன பிறகும் சில நாள் அந்த இணக்கம் நீடிக்கும் என்கிறார். அதற்காக அவர் சூத்திரம் ஓதவோ நல்லொழுக்கம் போதிக்கவோ இல்லை. சமையலறையில் அடுப்பு மூட்டுவார், அல்லது முன்னறையில் தியானத்தில் இருப்பார். அவ்வளவுதான். பேச்சில் தவிர்க்க வேண்டியவை என்று ரியோக்கன் பட்டியல்கள் எழுதியிருக்கிறார். அதிகம் பேசுவது, அவசரமாகப் பேசுவது, தற்பெருமை, சண்டைப் பேச்சு ஆகியவற்றோடு, ஞானவாடை வீசும் பேச்சையும் அதில் சேர்த்திருக்கிறார்.

இனி நான் சொல்ல நினைத்த முக்கிய விடயத்துக்கு வருகிறேன். அவர் விளையாடிய பிள்ளைகள் எல்லோரும் வளர்ந்து பெரியவர்களாகவில்லை. எச்சிகோவில் பெரியம்மை பரவிய காலத்தில் எத்தனையோ குழந்தைகள் இறந்தார்கள். நேற்றுப் பந்து எண்ணிய பிள்ளை இன்று இல்லை. அந்த நாட்களில் ரியோக்கன் பிள்ளையை இழந்த பெற்றோரின் இடத்தில் தன்னை வைத்து, அவர்களுடைய குரலிலேயே பாடல்கள் எழுதினார். உலகம் நிலையற்றது என்ற உபதேசத்தை அந்த வீடுகளின் வாசலில் நின்று அவர் சொல்லவில்லை. அழுதார். பிறகு அடுத்த வசந்தத்தில், பனி உருகியதும், மிஞ்சியிருந்த பிள்ளைகளோடு மறுபடி பந்து விளையாடினார்.

இந்த இரண்டாவது செயலைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். நம் வீடுகளில் ஒரு சாவு நடந்தால் ஓராண்டுக்குப் பொங்கல் இல்லை, தீபாவளி இல்லை. துக்கத்துக்கு மரியாதை செய்யும் அருமையான வழக்கம் அது. ஆனால் ஒரு வீட்டில் ஒரு சாவு என்றிருந்த காலத்தில் வந்த வழக்கம். போருக்குப் பிறகு வாழும் நம்மிடையே, ஓராண்டு முடிந்தும் துக்கம் முடியாதவர்கள் இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளில் அந்த ஓராண்டு தொடங்கவே இல்லை. நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று வாயை மூடிக்கொள்வதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். தான் மகிழ்ச்சியாக இருப்பது இறந்தவருக்குச் செய்யும் துரோகம் என்ற உணர்வு அது. பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம்கூட அதைக் கண்டிருக்கிறேன். அவர்கள் பிறக்கும் முன்னரோ கைக்குழந்தையாக இருந்தபோதோ நடந்த சாவுகளுக்காக.

ரியோக்கன் அவர்களுக்குப் பதில் வைத்திருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. பெரியம்மைக்கு யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. நம் இழப்புகளுக்குப் பொறுப்பானவர்கள் உண்டு. மகிழ்ச்சியாக இரு, மறந்துவிடு என்று அவர்களிடம் சொல்ல எந்தச் சமயத்துக்கும் உரிமை இல்லை, அதுவும் பௌத்தத்தின் பெயரால் சொன்னால் காதில் எப்படி விழும் என்பது நமக்குத் தெரியும். ரியோக்கனும் அப்படிச் சொல்லவில்லை. அவர் மறக்காமலே விளையாடினார். இறந்த பிள்ளைகளுக்கான பாடலும் உயிரோடிருந்த பிள்ளைகளுக்கான பந்தும் ஒரே மனிதரின் கையில் இருந்தன. துக்கம் முடிந்த பிறகுதான் மகிழ்ச்சி தொடங்க வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் அவருடைய ஆயுளில் அதற்கு நாள் வந்திருக்காது.

ஏனென்றால் சொந்த வீட்டிலும் இழப்பு ஓயவில்லை. அவருக்குப் பதிலாகத் தலைவர் பதவி ஏற்ற தம்பி, நிர்வாகத் தகராறுகளில் சிக்கி 1810இல் பதவியும் சொத்தும் பறிக்கப்பட்டு ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார். பல தலைமுறைக் குடும்பம் அத்தோடு சரிந்தது. மூத்தவர் இருந்திருந்தால் என்று ஊர் பேசியிருக்கும். தம்பி மகன் ஊதாரியாகத் திரிந்தபோது புத்தி சொல்லும்படி ரியோக்கனை அழைத்ததாக ஒரு கதை உண்டு. வந்தவர் ஒரு சொல்லும் கண்டிக்காமல் தங்கிவிட்டுப் புறப்பட்டார். வாசலில் செருப்பின் நாடாவைக் கட்டிவிடும்படி இளைஞனைக் கேட்டார். அவன் குனிந்து கட்டும்போது கழுத்தில் ஏதோ ஈரமாக விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் பெரியப்பாவின் கண்ணில் நீர். அவன் திருந்தினான் என்று கதை முடிகிறது.

1826இல், உடல் தளர்ந்த பிறகு, ஷிமாசாக்கி என்ற ஊரில் கிமுரா குடும்பத்தார் தங்கள் வளவில் இருந்த சிறு கட்டிடத்தில் அவரைக் குடியமர்த்தினார்கள். அடுத்த ஆண்டு ஒரு பிக்குணி அவரைக் காண வந்தார். பெயர் தெய்ஷின். நாகவோக்கா சிற்றரசின் சாமுராய் ஒருவரின் மகள். வைத்தியர் ஒருவரை மணந்து, அந்த வாழ்வு நிலைக்காமல் துறவு பூண்டவர். அவருக்கு வயது முப்பதை நெருங்கியிருந்தது, ரியோக்கனுக்கு எழுபது. முதல் பாடலே பந்தைப் பற்றியது. பந்து விளையாட்டே புத்தரின் வழியா என்ற கேள்வியைத் தெய்ஷின் பாடலாக வைக்க, நீயும் எண்ணிப் பார் என்ற தொனியில் ரியோக்கன் பதில் பாடல் கொடுத்தார். அன்று தொடங்கிய நட்பு, பாடல்களாகவும் இரவிரவாகப் பேச்சாகவும் நான்கு ஆண்டுகள் தொடர்ந்தது. அதைக் காதல் என்பவர்களும் குரு-சீட உறவு என்பவர்களும் உண்டு. தெய்ஷின் வரத் தாமதித்தால் முதியவர் ஏங்கினார், வந்தால் பூரித்தார். அதை அவர் மறைக்கவில்லை. எழுபது வயதில் ஒரு துறவி தன் மகிழ்ச்சியை இப்படி வெளிப்படையாக எழுதியது எனக்கு அவர்மேல் மதிப்பைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

1828 டிசம்பரில் சாஞ்ஜோ நகரை மையமாகக் கொண்டு பெரும் பூமியதிர்ச்சி. 1,500க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரியோக்கன் அந்த அழிவைக் கண்டு கவிதைகள் எழுதினார். நண்பருக்கு எழுதிய கடிதத்தில், துன்பம் வரும் வேளையில் அதைச் சந்திப்பதும் சாவு வரும் வேளையில் சாவதுமே ஒருவர் செய்யக்கூடியது என்ற கருத்தைச் சொன்னார். கல்நெஞ்சரின் வார்த்தை போல முதலில் படலாம். இடிபாடுகளைப் பார்த்து அழுதவரின் கையெழுத்து அது என்று தெரிந்து வாசித்தால் வேறு மாதிரிக் கேட்கும்.

1830இல் வயிற்றுப்போக்கு அவரை வீழ்த்தியது. இரவெல்லாம் வலியில் துடித்ததையும் அவர் பாட்டில் எழுதினார். அழகுபடுத்தவில்லை. 1831ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பனிக்காலத்தில், தெய்ஷினும் தம்பியும் பக்கத்தில் இருக்க, 72 வயதில் காலமானார். தெய்ஷின் அவருடைய பாடல்களைத் தேடி எடுத்து, இருவரும் பரிமாறிக்கொண்டவற்றையும் சேர்த்து, 1835இல் ஒரு தொகுப்பாக்கினார். தாமரையின் மேல் பனித்துளி என்பது அதன் பெயர். பிறகும் 37 ஆண்டுகள் பிக்குணியாகவே வாழ்ந்து 1872இல் மறைந்தார். இருபதாம் நூற்றாண்டில் சோமா கியோஃபு எழுதிய நூல்கள் ரியோக்கனை நாடறியச் செய்தன. 1968இல் நோபல் பரிசு பெற்ற கவபாத்தா யசுனாரி தன் ஏற்புரையில் அவரைக் குறிப்பிட்டார். விகாரையும் பதவியும் பெற்று அவரைவிட மேலே நின்ற பிக்குகள் எத்தனை பேரின் பெயர் இன்று தெரியும்?

பௌத்தத்தில் இன்பத்துக்கு இடமுண்டா என்ற கேள்விக்கு இந்த வாழ்க்கையிலிருந்து எனக்குக் கிடைத்த விடை இதுதான். பற்றிக்கொள்ளும் இன்பத்துக்கு அங்கே இடமில்லை. கையை விரித்து வைத்திருப்பவருக்கு வரும் இன்பத்துக்கு உண்டு. அது துக்கத்தை அழித்துவிடாது, துக்கத்திடம் அனுமதியும் கேட்காது. பிள்ளைகளை இழந்த ஊரில், பிழைத்த பிள்ளைகளோடு ஒரு முதியவர் பந்து எண்ணிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைகளுக்கு அது தேவையாக இருந்தது. அவருக்கும்தான்.